கறிக்கடையில் கூட்டம், கையில் பணமில்லை: மைத்துனர் பாக்கியைப் பாருங்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகே என் தந்தை தொடங்கிய பன்றிப் பண்ணையை நான் நடத்துகிறேன். முன்பு வியாபாரிக்கு உயிர் எடையில் கிலோ 160 ரூபாய்க்குக் கொடுத்து வந்தோம். 28 மாதங்களாகச் சொந்தக் கறிக்கடை வைத்து, மாதம் பத்துப் பன்றிகளை வெட்டிக் கிலோ 320 ரூபாய்க்கு விற்கிறோம். ஞாயிறு காலையிலேயே கறி தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் கையில் பணம் நிற்பதில்லை. வட்டிக்காரரிடம் 3 லட்சமும் கூட்டுறவு வங்கியில் நகைக்கடனாக 1.5 லட்சமும் வாங்கியிருக்கிறோம். குளிர்பதன அறை கட்ட வங்கி 8 லட்சம் தரும் என்றும், கூடவே ஒரு யூலிப் பாலிசி (பங்குச்சந்தை முதலீடும் சேர்ந்த ஆயுள் காப்பீடு) எடுத்தால் வேலை விரைவாக முடியும் என்றும் முகவர் சொல்கிறார். எடுக்கலாமா? மைத்துனரின் இரண்டு உணவகங்களுக்கும் எங்கள் கடையிலிருந்துதான் கறி போகிறது.

பதில்: வேண்டாம். கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் நீங்கள் சொல்லியிருக்கும் மைத்துனரின் இரண்டு உணவகங்களைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய பற்று நோட்டின் நகலில் மற்றவர்களின் கணக்கெல்லாம் பேனாவில் இருக்க, ‘மச்சான்’ என்ற தலைப்பின் கீழ் உள்ளவை மட்டும் பென்சிலில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தின்படி அவருக்கு மாதம் 150 கிலோ கறி, கிலோ 280 ரூபாய் என்ற உறவு விலையில் போகிறது. அதற்குரிய 42,000 ரூபாயில் 27,000 வருகிறது. மாதம் 15,000 நின்றுபோகிறது. 28 மாதங்களில் அது 4,20,000 ரூபாய். நீங்கள் வாங்கியிருக்கும் கடனும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதைக் கவனித்தீர்களா?

தோராயமாகக் கணக்குப் போடுவோம். நூறு கிலோ பன்றியை உயிரோடு விற்றால் 16,000 ரூபாய். வெட்டினால் விற்கக்கூடிய கறி 65 கிலோ என்று நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொண்டால், 320 ரூபாய் வீதம் 20,800. வெட்டுக்கூலி, கடை வாடகை, ஐஸ், வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து 2,500 போனால், ஒரு பன்றிக்குக் கூடுதலாகக் கிடைப்பது 2,300. பத்துப் பன்றிக்கு 23,000. இதிலிருந்து மைத்துனரிடம் நிற்கும் 15,000, விலைக்குறைப்பில் போகும் 6,000, வட்டிக்காரருக்கு நூற்றுக்கு இரண்டு வட்டியில் 6,000, நகைக்கடன் வட்டி சுமார் 1,400 ஆகியவற்றைக் கழித்தால் 5,400 ரூபாய் துண்டு விழுகிறது. கடையே திறக்காமல் வியாபாரிக்கே எடை போட்டிருந்தால் இந்தத் துண்டு விழுந்திருக்காது.

இதிலும் முக்கியமானது, அவர் முழுப் பணத்தையும் அன்றன்றே கொடுத்தாலும் 280 ரூபாய் விலை கட்டாது. 65 கிலோவுக்கு 18,200. செலவு போக 15,700. உயிர் எடை விலையைவிட 300 ரூபாய் குறைவு. கிலோ 285 ரூபாய்க்குக் கீழே யாருக்குக் கொடுத்தாலும், அது மனைவியின் அண்ணனாகவே இருந்தாலும், உங்களுக்கு நஷ்டம்தான். மொத்தமாக வாங்குபவர் என்பதற்காக 310 வைக்கலாம். ஆனால் எடை போட்டவுடன் பணம் வந்துவிட வேண்டும்.

பழைய பாக்கிக்கு அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தவணைக் கெடு எதுவும் பேசாமல் கடனுக்கு விற்ற சரக்கின் விலைக்கு, விற்ற நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது காலவரையறைச் சட்டம். அதற்குள் கடனாளி கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து கணக்குப் புதிதாகத் தொடங்கும். தொடக்கத்தில் கொடுத்த கறிக்கு இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லவில்லை. மாதம் 15,000 வீதம் 28 தவணை என்று எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்கிறேன். மனைவியைத் தூது அனுப்பாமல், உங்கள் தந்தையையும் வைத்துக்கொண்டு நேரில் பேசுங்கள்.

வட்டிக்காரரின் கடனை முதலில் அடைக்க வேண்டும். கிசான் கடன் அட்டை 2018-19 முதல் பன்றி வளர்ப்போருக்கும் உண்டு. தீவனம் போன்ற நடைமுறைச் செலவுக்கு 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். தீவனத்தை அதில் வாங்கி, அப்படி மிச்சமாகும் கடைப் பணத்தை வட்டிக்காரருக்குக் கொடுங்கள். 2 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 48,000 இருந்த இடத்தில் 8,000 ஆகிவிடும்.

யூலிப்பில் போடும் பணத்தை ஐந்து ஆண்டுகளுக்கு எடுக்க முடியாது. தீவனக்காரருக்கு வாரந்தோறும் பணம் வைக்க வேண்டியவருக்கு அதை விற்க வருவதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கடன் வேண்டுமானால் பாலிசி எடு என்று நிர்பந்திக்க வங்கிக்கு உரிமையும் கிடையாது.

குளிர்பதன அறையைப் பொறுத்தவரை, ஞாயிறு காலையிலேயே கறி தீர்ந்துவிடும் கடையில் எதைச் சேமிக்கப் போகிறீர்கள்? 2022 ஜூலையில் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்தபோது நோய் கண்ட பண்ணைகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த பன்றிகளையெல்லாம் கொன்றார்கள். அதற்கு மருந்தில்லை. அரசு இழப்பீடு பன்றிக்குத்தான். அறைக்கு வாங்கிய 8 லட்சத்தின் தவணையை நீங்கள்தான் கட்டியாக வேண்டும். முதலில் மூன்று மாதத் தீவனச் செலவைத் தனிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். கிறிஸ்தவர்களின் ஐம்பது நோன்பில் விற்பனை படுக்கும்போதும் அந்தப் பணம் உதவும். அடுத்த ஈஸ்டர் வரை கடன் விற்பனை இல்லாமல் கடை நடந்த பிறகு, அந்தக் கணக்கை அனுப்புங்கள். அறையைப் பற்றி அப்போது பேசலாம்.