வாரண்டி வேனுக்கு, பழுதாவது வீடு

கேள்வி: 2016-ஆம் ஆண்டு டீசல் வேன் ஒன்றை 88,000 மலேசிய வெள்ளிக்குப் பேசி வைத்திருக்கிறேன். உள்ளே படுக்கை, சமையல் மேடை, குளிர்பெட்டி, கூரையில் ஏர்கோன் எல்லாம் போட்டு கேம்பர்வேனாக மாற்றியிருக்கிறார்கள். 130,000 கிலோமீட்டர் ஓடியது. 4,800 வெள்ளி கொடுத்தால் 2 வருட நீட்டிப்பு வாரண்டி தருகிறார்களாம், கடனோடு சேர்த்துக்கொள்ளலாமாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். மாதம் ஒருமுறை கேமரன் மலை, வருடக் கடைசியில் தாய்லாந்தின் ஹட்யாய் போகத் திட்டம். மனைவி வாங்கலாம் என்கிறார், மச்சான் வீண்செலவு என்கிறார். வாரண்டி தாளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன்.
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: ஐயா, இந்த வாரண்டி வேண்டாம். மச்சான் சொன்னது சரி. மனைவியின் பயத்திலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அதற்கான மருந்து இந்தத் தாளில் இல்லை.

தாளின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் என்று ஒரு பட்டியல். இது ‘இவை மட்டும்’ வகை ஒப்பந்தம். பட்டியலில் பெயர் இல்லாத எதற்கும் காசு வராது. ‘இவை தவிர எல்லாம்’ என்று எழுதும் வகை வேறு, அதன் விலையும் கூடுதல். நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் விலக்குகள் இருக்கின்றன: மழைநீர்க் கசிவு, மரவேலை, பேட்டரி, ‘வாகனத் தயாரிப்பாளர் பொருத்தாத சாதனங்கள்’. கடைசியில் உள்ளது ஒன்றே போதும். உங்கள் வேனில் குளிர்பெட்டி முதல் தண்ணீர்ப் பம்பு வரை அத்தனையும் பின்னால் பொருத்தியவை.

சரி, இன்ஜின் கியர்பாக்ஸுக்காவது உதவுமா? ஒரு தடவைக்கு உச்சவரம்பு 3,000 வெள்ளி, மொத்தம் 8,000. இந்த அளவு வேனின் ஆட்டோ கியர்பாக்ஸை முழுக்கப் பிரித்துச் செய்தால் 3,000 வெள்ளிக்குள் முடிவது அபூர்வம். பழுதைக் கண்டுபிடிக்கப் பிரிக்கும் கூலியும் உங்கள் தலையில்தான். அதிலும் அவர்கள் அனுமதி தரும் முன் எந்தப் பட்டறையும் ஒரு நட்டைக்கூடக் கழற்றக் கூடாது. கேமரன் மலைப் பாதையில் ரிங்லெட்டில் வேன் நின்றுபோய், அனுமதிக்காக வெள்ளிக்கிழமை மாலை காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். 5,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் குறித்த பட்டறையில் சர்வீஸ் செய்ய வேண்டும், ஒன்றைத் தவறவிட்டாலும் வாரண்டி செல்லாது. எல்லை தீபகற்ப மலேசியா மட்டும். தாய்லாந்துப் பக்கம் சடாவுக்குள் நுழைந்ததும் அது வெறும் காகிதம்.

கடனில் சேர்ப்பது இன்னும் மோசம். 7 வருடக் கடன் என்றால், வாரண்டி முடிந்த பிறகும் 5 வருடம் அதற்குத் தவணையும் வட்டியும் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது உண்மையில் எது பழுதாகும் என்று பார்ப்போம். முதல் எதிரி மழை. ஏர்கோனுக்கும் காற்றுப்போக்கிக்கும் கூரையில் துளை போட்டு, விளிம்பில் சீலண்ட் (கசிவடைக்கும் பசை) பூசியிருப்பார்கள். நம் வெயிலில் அது இறுகி, முடியளவு வெடிக்கும். அந்த வழியாக இறங்கும் தண்ணீர் நேரே உள்ளே சொட்டாது. ஒட்டுப்பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே ஓடி, ஒரு மூலையில் தேங்கி, பலகையை உளுத்துப்போகச் செய்யும். வெளியே தெரிவதற்குள் பாதிச் சுவர் போயிருக்கும். மேலே சாதாரண சிலிக்கோன் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் பூச வேண்டும்.

அடுத்தது பேட்டரி. கூரை ஏர்கோன் 1,000 வாட் இழுக்கும் என்று வையுங்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது 83 ஆம்பியர், இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் சேர்த்தால் 90-க்கு மேல். 100 ஆம்பியர்-ஹவர் ஏ.ஜி.எம். பேட்டரியில் (மூடிய வகை ஈய-அமிலப் பேட்டரி) ஆயுள் குறையாமல் எடுக்கக்கூடியது பாதிதான். அரை மணி நேரம் ஓட்டினாலே அந்தப் பாதி போய்விடும். ‘ஏர்கோன் போட்டு இரவெல்லாம் தூங்கலாம்’ என்று விற்பவர் சொன்னால், எந்தப் பேட்டரியில், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். இப்படி அடிக்கடி வடித்துத்தான் பேட்டரியைக் கொல்கிறார்கள்.

எனவே ஞாயிற்றுக்கிழமைக் கெடுவை மறந்துவிடுங்கள், அது விற்பனைப் பேச்சு. முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் வேனைப் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் ரப்பர் குழாயால் கூரையில் 20 நிமிடம் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். பிறகு அலமாரிகளின் உள்மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் வாங்காதீர்கள். ஈரமானி கிடைத்தால் இன்னும் நல்லது. மரத்தில் 15 சதவிகிதத்துக்குள் சரி, 20-ஐத் தாண்டினால் உள்ளே கசிவு இருக்கிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டு, குளிர்பெட்டியையும் விளக்குகளையும் 2 மணி நேரம் ஓட விட்டு, பேட்டரியில் வோல்ட் மீட்டர் வையுங்கள். 12.2 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நின்றே கிடந்த வேனில் பள்ளம் தேயாமலேயே டயர் காலாவதியாகியிருக்கும்.

கிராண்டில் (வாகனப் பதிவுச் சான்றில்) உள்ள வாகன வகையையும் கையோடு பார்த்துவிடுங்கள். ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் விபத்தின்போது காப்புறுதி நிறுவனம் அதையே சாக்காகச் சொல்லலாம். வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பி5 சோதனையில் தேறியது என்பது இதற்குப் பதில் ஆகாது. அது உரிமை மாற்றத்துக்கான சோதனை, உங்கள் குளிர்பெட்டியை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

வாரண்டிக்குப் பதிலாக, விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி கேளுங்கள்: ‘90 நாளுக்குள் கசிவோ, 12 வோல்ட் சாதனப் பழுதோ வந்தால் விற்பவர் செலவில் சரிசெய்யப்படும்.’ வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வேண்டும். மறுத்தால் 88,000-இலிருந்து குறைத்துப் பேசுங்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது வாரண்டி வாங்காதவருக்கும் உள்ள உரிமை. பழைய வண்டி என்பதால் வயதும் விலையும் கணக்கில் வரும், அவ்வளவுதான். தகராறு என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, 3 வருடத்துக்குள் போக வேண்டும்.

அந்த 4,800 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். வாங்கிய முதல் மாதத்திலேயே அதில் கொஞ்சம் எடுத்துக் கூரைச் சீலண்டையும் கியர் எண்ணெயையும் மாற்றிவிடுங்கள், கேமரன் ஏற்றத்தில் சூடாகிக் கெடுவது அந்த எண்ணெய்தான். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி மலை ஏறாதீர்கள், 80 லிட்டர் என்றால் 80 கிலோ. மேலே போய் நிரப்பிக்கொள்ளலாம்.

பின்னால் பொருத்திய சாதனங்களும் அடங்கி, ஒரு தடவைக்கான வரம்பு 8,000-க்குக் குறையாமல், பொறுப்பேற்பது விற்பவரின் கடையாக இல்லாமல் ஒரு காப்புறுதி நிறுவனமாக இருந்தால், அந்தத் தாளை மறுபடி அனுப்புங்கள், பார்க்கலாம்.