வனக்காப்பாளர் பணியும் காட்டுத்தீயும்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகன் வனக்காப்பாளர் தேர்வு எழுத விரும்புவதாகவும், குரங்கணியை நினைத்தால் உங்களுக்கு உறக்கமே வருவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்ட மலைச்சரிவில் மூண்ட அந்தத் தீ, மலையேற்றத்துக்குச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. ஒரு தாய் அதை எண்ணி அஞ்சுவதில் தவறே இல்லை. ஆயினும், முடிவெடுக்கும் முன் அந்த வேலையின் இயல்பை நீங்கள் இருவரும் அறிந்துகொள்ள வேண்டும்.

தீயணைப்பு என்றதும் வண்டியும் தண்ணீர்க் குழாயும்தான் தம்பியின் மனத்தில் இருக்கும். காட்டிலோ சாலை முடியும் இடத்தில் வண்டி நின்றுவிடும். குடிநீரைக்கூட முதுகில் சுமந்துகொண்டு ஏற வேண்டும். பச்சைத் தழைக் கொத்தால் தீயை அடித்து, சருகை விலக்கி, மண் தெரியும்படி கோடு வெட்டி, தேவைப்பட்டால் தீ வரும் வழியிலுள்ள சருகை முன்கூட்டியே எரித்துவிடும் எதிர்த்தீயை வைத்துத்தான் அதை நிறுத்துகிறார்கள். காற்று திசைமாறினால் அந்த எதிர்த்தீயே வைத்தவர்கள் பக்கம் திரும்பிவிடும். சரிவில் கீழே எரியும் தீயின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுவதால், தீ இறங்குவதைவிட ஏறுவதில் வேகம் மிக அதிகம். தீக்கு மேற்புறம் நிற்காதே என்பதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். அணைந்தது என்று எண்ணிய பின்பும், பட்டமரப் பொந்தில் கனன்றுகொண்டிருக்கும் கங்கு மறுநாள் பிற்பகல் காற்றில் மீண்டும் பற்றக்கூடும் என்பதால், இரவெல்லாம் காவல் இருக்க நேரும்.

செயற்கைக்கோள் வழியாக இந்திய வன ஆய்வு நிறுவனம் எச்சரிக்கை அனுப்புகிறது. அது தீ இருக்கும் இடத்தைக் காட்டுமே தவிர, அங்கே போகும் தடத்தைக் காட்டாது. அந்தத் தடம் தெரிந்தவர்கள் மலைக்கிராமத்துத் தீத்தடுப்புக் காவலர்கள். அவர்களிடம் பணிவோடு கேட்டுக் கற்கும் குணம், மதிப்பெண்ணைவிட இந்த வேலைக்கு முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

வனக்காப்பாளர் பணியிடங்கள் 2024 முதல் குரூப் 4 தேர்வில் சேர்க்கப்பட்டுள்ளன. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு, ஆண்கள் 25 கிலோமீட்டரை 4 மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டும். தீயணைப்புத் துறை இதிலிருந்து வேறானது; அதற்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தனியே ஆள் எடுக்கிறது.

சிறுவயதில் அவருக்கு இளைப்பு இருந்ததாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மணிக்கணக்கில் புகைக்குள் நிற்க வேண்டிய வேலை இது. ஆகவே விண்ணப்பிக்கும் முன் நெஞ்சக மருத்துவரிடம் காட்டி, நுரையீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்த அறிக்கையோடு தம்பியை அழைத்துக்கொண்டு வாருங்கள். மூவரும் அமர்ந்து பேசுவோம்.