பட்டியல் சாதி, பழங்குடி ஆராய்ச்சி மாணவர்கள் அறிவியல் மாநாடுகளுக்குப் போக நாம் என்ன உதவி செய்யலாம்?

பணத்தை முன்னாடியே கொடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

எனக்கு ஊர் குடியாத்தம் பக்கம், அம்மா பீடி சுற்றுவார், வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வேலூரில் பிஎச்டி செய்தபோது ஹைதராபாத்தில் ஒரு மாநாட்டில் என் ஆய்வை விளக்கும் போஸ்டர் வைக்கத் தேர்வானேன். "போய்ட்டு வந்து பில்லைக் கொடு, பணம் வந்துடும்" என்றார்கள் அலுவலகத்தில். பதிவுக் கட்டணம், காட்பாடியிலிருந்து ரயில், மூன்று ராத்திரி தங்க அறை, போஸ்டர் பிரிண்ட் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். ஃபெல்லோஷிப் என்கிற மாதாந்திர ஆய்வு உதவித்தொகையோ நான்கு மாதமாக வரவில்லை. அம்மா கம்மலை அடகு வைத்தார். பில் பணம் வர ஏழு மாதம் ஆனது, அதற்குள் வட்டி ஏறிவிட்டது. கையில் சேமிப்பு இருக்கிற வீட்டுப் பிள்ளை அந்த ஏழு மாதத்தைச் சமாளித்துவிடும், எங்களைப் போன்றவர்கள் "அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்" என்று சொல்லிவிடுகிறோம். என்னோடு படித்த ஜவ்வாது மலைப் பையன் இரண்டு முறை அப்படிச் சொன்னான், அவனுக்கு ஆர்வமே இல்லை என்று அவனுடைய கைடு நினைத்துக்கொண்டார்.

வெளிநாட்டு மாநாடுகளுக்கு எஸ்இஆர்பி என்கிற ஒன்றிய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பு நடத்தி வந்து, இப்போது அதன் இடத்துக்கு வந்த ஏஎன்ஆர்எஃப் கீழ் இருக்கும் பயண உதவித் திட்டம் விமானக் கட்டணம், விசா, பதிவுக் கட்டணம் தருகிறது, கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் அதிலும் முதலில் செலவு செய்துவிட்டுத்தான் பில் போட்டு வாங்க வேண்டும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வாங்கும் ஷெங்கன் விசாவுக்கு மட்டுமே 90 யூரோ, அதோடு வங்கி ஸ்டேட்மென்ட் வேறு கேட்பார்கள். அதனால் மாநாடு நடத்துகிறவர்கள் செலவை ஏற்பதாக இருந்தால் அழைப்புக் கடிதத்திலேயே அதை எழுதிக் கொடுங்கள். டிக்கெட்டையும் அறையையும் துறையே நேரடியாக எடுக்கட்டும். உதவி பெற்றவர்களின் பெயரைத் தனியாகப் பட்டியல் போட்டு மேடையில் வாசிக்காதீர்கள், அது எவ்வளவு உறுத்தும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளி, பூர்வகுடி விஞ்ஞானிகளுக்காக 1973-ல் தொடங்கிய சாக்னாஸ் அமைப்பு தன் மாநாட்டுக்கு வரும் மாணவர்களுக்குப் பயண உதவித்தொகை தருகிறது, மூத்த விஞ்ஞானிகளோடு பேசவும் வழி செய்கிறது. இரண்டாவதும் முக்கியம். ஹைதராபாத்தில் முதல் நாள் மதியம் யாரோடு உட்காருவது என்று தெரியாமல் தட்டோடு நின்றேன். மறுநாள் முன்பின் தெரியாத ஒரு பேராசிரியை என் போஸ்டர் முன் இருபது நிமிடம் நின்று கேட்டுவிட்டு, "இவங்க வேலையைப் பாருங்க" என்று இன்னொருவரைக் கையோடு கூட்டி வந்தார். அந்த இன்னொருவர் லேபில்தான் பிற்பாடு எனக்குப் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை, கிடைத்தது. மாநாட்டுக்குப் போகிற மூத்தவர்கள் இதைச் செய்ய ஒரு பைசா செலவில்லை.

இப்போது நாங்கள் ஆறு பேர் மாதம் ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டு ஒரு சுழல் நிதி வைத்திருக்கிறோம். போகிறவருக்கு முழுத் தொகையும் முன்பணமாகத் தருகிறோம், பில் பாஸானதும் திருப்பித் தந்தால் போதும், வட்டி கிடையாது. முதலில் வாங்கியவன் அந்த ஜவ்வாது மலைப் பையன்தான். அடுத்த மாதம் ஆற்காட்டுப் பெண் ஒருத்தி பெங்களூரு போகிறாள், டிக்கெட் நேற்றே எடுத்துவிட்டோம்.