காபி சொட்டுச் சொட்டாக இறங்குகிறதா? ஆசிட்டை எடுக்கும் முன் கைப்பிடியைக் கழற்றிப் பாருங்கள்

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஒன்றரை வருடத்துக்கு முன் வாங்கிய 15 பார் எஸ்பிரெசோ மெஷின், ஊற்றுவது போர் தண்ணீர், தினமும் நாலு காபி. இரண்டு மாதமாகக் காபி சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, சூடும் போதவில்லை, பால் நுரைக்க ஆவி சரியாக வருவதில்லை. டீஸ்கேல், அதாவது உள்ளே படிந்த உப்பை அமிலம் ஊற்றிக் கரைத்தெடுப்பது, செய்ததே இல்லை, வினிகர் ஊற்றலாமா என்பதுதான் கேள்வி. எஸ்பிரெசோ பொடி தீர்ந்துபோனால் வீட்டில் இருக்கிற ஃபில்டர் காபிப் பொடியைப் போட்டுக்கொள்வேன் என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரி முக்கியம்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. காபிப் பொடி போட்டு மாட்டுகிற கைப்பிடியைக் கழற்றிவிட்டு, கீழே ஓர் அளவுக் கோப்பையை வைத்து, காபி பட்டனை 30 நொடி போடுங்கள். எத்தனை மில்லி விழுந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து பொடி எதுவும் போடாமல் வெறும் கைப்பிடியை மாட்டி அதே 30 நொடி. கைப்பிடி இல்லாமல் தாராளமாக விழுந்து, மாட்டியதும் இழுத்துக்கொண்டு சொட்டினால் அடைப்பு பாஸ்கெட்டில், அதாவது கைப்பிடிக்குள் பொடி போடுகிற சல்லடைக் கிண்ணத்தில் இருக்கிறது, மெஷினுக்குள் இல்லை. அதற்கு டீஸ்கேல் செய்து ஒரு பயனும் கிடையாது.

இதில்தான் ஃபில்டர் காபிப் பொடி வருகிறது. நம் பொடியில் பெரும்பாலும் சிக்கரி கலந்திருக்கும். ஃபில்டரில் டிகாக்‌ஷன் மெதுவாக இறங்கிக் கெட்டியாக வருவதற்கு உதவுகிற அதே சிக்கரி, எஸ்பிரெசோ பாஸ்கெட்டில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். வீட்டு மெஷின்களோடு வருகிற இரட்டை அடி பாஸ்கெட்டில் காபி வெளியேற ஒரே ஒரு ஊசித் துளைதான் உண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், துளை பழுப்பாக மூடியிருந்தால் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய ஊசியால் குத்திவிடுங்கள். சிக்கரி கலந்த பொடியை இனி இந்த மெஷினில் போடவே வேண்டாம், ஃபில்டருக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கைப்பிடி இல்லாமலும் தண்ணீர் மெலிதாக வந்தால்? உங்களுக்கு அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சூடும் ஆவியும் சேர்ந்து குறைந்திருக்கின்றன. அது உப்பு. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்பாகப் படிகிறது. கெட்டிலின் அடியில் பூத்திருக்குமே, அதே வெள்ளைதான். குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் ஏற்கிற கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. உங்கள் போரில் 300 என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு அரை லிட்டர் ஓடினால் ஒன்றரை வருடத்தில் கிட்டத்தட்ட 80 கிராம் சுண்ணாம்பு அந்த மெஷின் வழியாகப் போயிருக்கிறது. பெரும்பகுதி கோப்பைக்குள்ளேயே போயிருக்கும், ஆனால் தண்ணீர் சூடாகிற அந்தக் குறுகலான பாதையில் அதில் ஒரு சிறு பங்கு ஒட்டினாலே போதும். சுண்ணாம்பு சூட்டைச் சரியாகக் கடத்தாது. உலோகம் கொதிக்கும், சென்சார் அதைப் பார்த்துவிட்டுப் போதும் என்று ஹீட்டரை நிறுத்தும், உள்ளே ஓடும் தண்ணீருக்கு மட்டும் சூடு போய்ச் சேராது.

இனி மருந்து. வினிகர் உப்பைக் கரைக்கும்தான், ஆனால் மெதுவாக, அதோடு அந்த வாடை ரப்பரிலும் குழாயிலும் ஏறிக்கொண்டு பல நாள் காபியைக் கெடுக்கும். எலுமிச்சைச் சாறும் வேண்டாம், அதில் சக்கையும் சர்க்கரையும் இருக்கின்றன. மெஷின் கம்பெனி சொல்கிற டீஸ்கேலர் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கிற சிட்ரிக் ஆசிட் போதும், லிட்டருக்கு 20 கிராம். ஆனால் பாய்லர் அலுமினியம் என்று கையேட்டில் போட்டிருந்தால் சிட்ரிக்கைத் தொடாதீர்கள், அவர்கள் சொன்னதை மட்டும் ஊற்றுங்கள். உங்கள் மெஷின் ஒன்றரை வருடம் கைபடாதது, அதனால் முதல் சுற்றுக்கு 10 கிராம் போதும். ஒரேயடியாகக் கரைக்கப் போனால் உப்பு செதில் செதிலாகப் பெயர்ந்து சின்ன வால்வில் போய் உட்காரும், சொட்டிக்கொண்டிருந்தது அப்புறம் அதுவும் நின்றுபோகும்.

டேங்கில் வடிகட்டி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். கரைசலை ஊற்றி, காபி வழியாக ஒரு கப், ஆவிக் குழாய் வழியாக அரை கப் விட்டு, மெஷினை அணைத்து 15 நிமிடம் சும்மா விடுங்கள். அணைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு, சிட்ரிக் ஆசிட் கொதிக்கிற சூட்டில் கால்சியத்தோடு சேர்ந்து தானே ஒரு படிவாகிவிடக்கூடும். இப்படியே விட்டு விட்டு டேங்க் தீரும்வரை செய்யுங்கள். வெளியே வருகிற தண்ணீர் கலங்கலாக, சில சமயம் வெள்ளைத் துணுக்குகளோடு வரும், பயப்பட வேண்டாம். பிறகு இரண்டு டேங்க் நல்ல தண்ணீர் ஓட்டி அலசுங்கள். கடைசியில் வந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுப் பாருங்கள், நுரைத்தால் இன்னும் ஆசிட் இருக்கிறது. நுரைக்காவிட்டாலும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டே காபி போடுங்கள். இரண்டு நாள் கழித்து 20 கிராமில் இன்னொரு சுற்று.

டீஸ்கேல் காபி எண்ணெயை எடுக்காது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. உப்புக்கு அமிலம், எண்ணெய்க்குக் காரத்தன்மையுள்ள கிளீனிங் பவுடர், ஒன்று செய்கிற வேலையை மற்றது செய்யாது. தண்ணீர் இறங்குகிற ஷவர் சல்லடையை ஸ்குரூ கழற்றி எடுத்தால் பின்பக்கம் கறுப்பாக, விரலில் பிசுபிசுக்கிற படலம் இருக்கும், முகர்ந்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை. அதையும் பாஸ்கெட்டையும் மாதம் ஒரு முறை அந்தப் பவுடர் கரைத்த வெந்நீரில் ஊறவையுங்கள். துளையில்லாத பாஸ்கெட்டை மாட்டிப் பின்னோக்கித் தள்ளிக் கழுவுகிற பேக்ஃப்ளஷ் எல்லா மெஷினுக்கும் ஆகாது. காபி நின்றதும் புஸ்ஸென்று தட்டில் தண்ணீரைக் கக்குகிற, மூவழி வால்வு உள்ள மெஷினுக்கு மட்டும்தான். ஆவிக் குழாயை நுரைத்த கையோடு ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி ஆவி விட்டுவிடுங்கள். கைப்பிடி ஓரமாகத் தண்ணீர் கசிந்தால் காஸ்கெட் இறுகிவிட்டது என்று அர்த்தம், குக்கர் காஸ்கெட் மாதிரி அதுவும் மாற்ற வேண்டிய பொருள்தான்.

தண்ணீரை மாற்றாமல் இவ்வளவும் செய்தால் மறுபடி இதே இடத்துக்கு வந்து நிற்போம். தண்ணீரில் கரைந்த உப்பை மொத்தமாகக் காட்டுகிற டிடிஎஸ் பேனாவை மட்டும் நம்பாதீர்கள், அது சோடியத்தையும் கால்சியத்தையும் பிரித்துச் சொல்லாது. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் சொட்டு விட்டுக் கடினத்தன்மை பார்க்கிற கிட் கிடைக்கும், அதை வாங்குங்கள். 50 முதல் 100 மில்லிகிராம் என்றால் காபிக்கும் ருசி, மெஷினுக்கும் நல்லது. வீட்டில் ஆர்ஓ இருந்தால் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் போர் தண்ணீர் கலந்தே இந்த அளவுக்குக் கொண்டுவரலாம். முழுக்கத் தாது நீக்கிய தண்ணீர் மட்டும் வேண்டாம், அது உலோகத்தை அரிக்கும், சில மெஷின்களில் டேங்கில் தண்ணீர் இருப்பதே சென்சாருக்குத் தெரியாது. அப்படிக் கலந்த தண்ணீருக்கு நாலு மாதத்துக்கு ஒரு டீஸ்கேல் போதும், போரிலேயே ஓட்டுவதென்றால் ஆறு வாரத்துக்கு ஒன்று.

இரண்டாம் சுற்று முடிந்ததும் அந்த 30 நொடிச் சோதனையைத் திரும்பச் செய்து, சீட்டில் முதல் எண்ணுக்குக் கீழே எழுதுங்கள். எண் ஏறியிருந்தால் சீட்டை மெஷின் பக்கவாட்டில் ஒட்டி வைத்து மாதாமாதம் பாருங்கள். துளிகூட ஏறவில்லை என்றால் மூன்றாம் தடவை ஆசிட் ஊற்றாதீர்கள், பம்ப்போ வால்வோ பழுதாகியிருக்கலாம், சீட்டோடு சர்வீஸுக்குக் கொடுத்து இரண்டு முறை டீஸ்கேல் செய்தாயிற்று என்று சொல்லுங்கள்.