ஆங்கிலம் அறிவோம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 'சிம்மர்' என்றால் அடுப்பைக் குறைத்து வைப்பதுதானே? செய்தித்தாளில் 'சிம்மரிங் டென்ஷன்' என்று போடுகிறார்களே?

பதில்: அந்த வினை பாத்திரத்தில் இருப்பதன் நிலையைச் சொல்கிறது. குழம்பு தளதளவென்று கொதிக்காமல் சின்னச் சின்னக் குமிழி மட்டும் விடும். தண்ணீரென்றால் சுமார் 85 முதல் 95 டிகிரி செல்சியஸ். நம் அடுப்புத் திருகில் உள்ள 'சிம்' இதன் சுருக்கம்தான். ஆனால் சமையல் குறிப்பில் 'கீப் இட் இன் சிம்' என்று எழுதினால் வெளிநாட்டவர் விழிப்பார். 'லெட் இட் சிம்மர் ஃபார் டென் மினிட்ஸ்' என்று எழுதுங்கள்.

மனிதருக்குச் சொன்னால், வெளியே வெடிக்காமல் உள்ளுக்குள் கனலும் கோபம். ஆள் எழுவாயாகி, எந்த உணர்ச்சி என்றும் சொன்னால் 'வித்' வேண்டும்: 'ஷி வாஸ் சிம்மரிங் வித் ரேஜ்'. கோபமே எழுவாயானால் அது தேவையில்லை: 'ஹிஸ் ஆங்கர் சிம்மர்ட் ஃபார் மன்த்ஸ்'. கல்வீச்சு தொடங்கிய பிறகும் 'சிம்மரிங் டென்ஷன்' என்று எழுதுவது பொருந்தாது; அது 'பாயில்ட் ஓவர்', அதாவது பொங்கி வழிந்ததாக ஆகிவிட்டது. தலைப்பு எழுதுபவர்கள்கூட இதில் சறுக்குகிறார்கள்.

கேள்வி: 'சிம்மர் டவுன்'?

பதில்: பொருளே திரும்பிவிடும்: கோபம் தணிவது. குழம்புக்கு என்றால் சுண்டுவது. எதிரில் இருப்பவரிடம் ஏவலாகச் சொன்னால் 'அடங்கு' என்ற தொனி வரும். மேலதிகாரியிடம் வேண்டாம்.