பாரலீகல் என்று சொல்லி லோ கிளார்க் டிப்ளோமா: கல்லூரி தரும் காசை வாங்கலாமா?

கேள்வி: ஸ்காபரோவில் ஒரு தனியார் தொழிற்கல்லூரியில் சேரும்போது, “லோ கிளார்க் படித்தாலும் பாரலீகல் லைசன்ஸ் பரீட்சை எழுதலாம்” என்று அங்கிருந்த தமிழ் ஆலோசகர் சொன்னார். (பாரலீகல் என்பவர் லைசன்ஸ் பெற்று, சில வகை வழக்குகளில் ஆஜராகலாம்; லோ கிளார்க் சட்டத்தரணியின் கீழ் வேலை செய்யும் உதவியாளர்.) ஒப்பந்தம் போட்டு 16 மாதம் ஆகிறது. நகையை அடகு வைத்து 13,400 டொலர் கட்டினேன். இப்போது என் படிப்புக்கு, அந்த லைசன்ஸைக் கொடுக்கும் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் அங்கீகாரம் இல்லையாம். நியாயம் கேட்கப் போன என்னை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினார்கள். 8,000 டொலர் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். நான் கோர்ட்டுக்குப் போக விரும்புகிறேன். இப்போதைக்குக் கோயிலில் தெரிந்தவர்களுக்கு வீட்டு வாடகைப் பிரச்சினைப் படிவங்களை நிரப்பிக் கொடுத்து, ஆளுக்கு 150 டொலர் வாங்கிச் சமாளிக்கிறேன்.

பதில்: சகோதரி, அவமானமும் அடகுக் கடையும் வழக்கில் பெரிதாக எடுபடாது. பார்க்கப்படுவது ஒன்றுதான்: கையெழுத்துப் போட்ட அன்று, இந்தப் படிப்பு லைசன்ஸ் பரீட்சைக்குத் தகுதி தரும் என்று கல்லூரி சொன்னதற்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது? ஒரு வட்ஸ்அப் செய்தி, ஒரு மின்னஞ்சல், ஒரு விளம்பரத் துண்டு?

அங்கீகாரம் படிப்புக்குத் தரப்படுவது. ஒரே கல்லூரியில் பாரலீகல் டிப்ளோமா சட்டச் சங்கத்தின் பட்டியலில் இருக்கும், பக்கத்து வகுப்பில் நடக்கும் லோ கிளார்க் டிப்ளோமா இருக்காது. கல்லூரி நடத்த மாகாண அமைச்சு கொடுக்கும் அனுமதி இன்னொன்று. அதனால் “அரச அனுமதி பெற்றது” என்று அவர்கள் எழுதியிருந்தால் அது பொய்யாகக்கூட இருக்காது.

உங்களுக்கு வழக்கே இல்லை என்று சொல்லவில்லை. ஜோர்ஜ் பிரவுன் கல்லூரி மீது மாணவர்கள் தொடுத்த வழக்கில், மூன்று தொழில்துறைச் சான்றிதழ்களைப் பெறும் வாய்ப்பு உண்டு என்று கல்லூரிக் கையேட்டில் இருந்த ஒரு வரிதான் கல்லூரியைத் தோற்கடித்தது. 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆனால் அந்த வரி அச்சில் இருந்தது. உங்களுடையது வாய்ப்பேச்சு, ஒப்பந்தத்திலோ லோ கிளார்க் என்ற பெயருக்குக் கீழே உங்கள் கையெழுத்து. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாய்ப்பேச்சையும் சாட்சியமாக ஏற்கும். ஆனால் அந்தச் சட்டப்படி காசைத் திருப்பிக் கேட்க, ஒப்பந்தம் போட்டு ஒரு வருடத்துக்குள் கல்லூரிக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம்தான், அதை நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன்.

சரி, அதைவிட என்னைத் தூக்கிவாரிப் போட்டது உங்கள் கடைசி வரி. அந்த வேலையை இன்றோடு நிறுத்துங்கள்.

லைசன்ஸ் இல்லாமல் சட்டச் சேவை வழங்குவது குற்றம். முதல் தடவைக்கே 25,000 டொலர் வரை அபராதம், அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை. “நான் ஆஜராகவில்லையே, படிவம்தானே நிரப்பினேன்” என்று சொல்லிக்கொண்டுதான் என்னிடம் வருகிறார்கள். நீதிமன்றத்துக்கோ தீர்ப்பாயத்துக்கோ போகும் ஆவணத்தைத் தெரிவு செய்வதும் எழுதுவதும் நிரப்புவதும் சட்டச் சேவைதான் என்று சட்டமே சொல்கிறது. இப்படி ஒருவருக்கு உதவிய பெண்ணின் விஷயத்தில், வழக்கில் தோற்ற அதே வாடகைக்காரர்தான் முறைப்பாடு எழுதினார். கூடவே வங்கிப் பரிமாற்ற ரசீதையும் இணைத்திருந்தார். குறிப்புப் பகுதியில் “பேப்பர் வேலைக்கு, நன்றி அக்கா” என்று இருந்தது. அதற்கு மேல் அந்தப் பெண் என்ன மறுக்க முடியும்?

அபராதத்தையாவது கட்டித் தொலைக்கலாம். லைசன்ஸுக்கு நன்னடத்தை ஒரு நிபந்தனை. நாளைக்கு நீங்கள் முறையான பாரலீகல் படிப்பைப் படித்து, 120 மணிநேர வேலைப் பயிற்சியும் முடித்து விண்ணப்பிக்கும்போது இந்த 150 டொலர்கள் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். கல்லூரி ஏமாற்றியதால் போனது காசும் காலமும். இதனால் தொழிலே கைவிட்டுப் போகலாம்.

வழக்கையும் இது கெடுக்கும். வருமானம் போனது என்று நட்டஈடு கேட்டால், “இத்தனை மாதம் எப்படிச் சமாளித்தீர்கள்?” என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வி. சத்தியம் செய்துவிட்டு உண்மையைச் சொன்னால் குற்றத்தை நீங்களே ஒப்புக்கொண்டதாகும், பொய் சொன்னால் இன்னும் மோசம். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுங்கள். ஆனால் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். பிறகு விண்ணப்பிக்கும்போதும் இதை மறைக்காதீர்கள், மறைத்ததால் கெட்டவர்களே அதிகம்.

ஆகவே சமரசமாகப் போங்கள். 10,000 கேளுங்கள், 9,000க்கு இறங்கலாம், அவர்கள் அசையாவிட்டால் 8,000ஐ வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் நீட்டும் விடுவிப்புப் பத்திரத்தில் (இனி வழக்குத் தொடர மாட்டேன் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பது), சட்டச் சங்கத்திடமோ அமைச்சிடமோ முறையிடக் கூடாது என்று ஒரு வரி இருந்தால் அதை வெட்டச் சொல்லுங்கள். காசு வரும் திகதியும் அதில் இருக்க வேண்டும்.

பேச்சுவார்த்தையை இழுக்க விடாதீர்கள். வழக்குத் தொடர இரண்டு வருடம்தான் அவகாசம். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அது தொடங்குகிறது என்று நீங்கள் வாதாடலாம், கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே என்று அவர்கள் வாதாடுவார்கள். அவர்கள் கணக்குப்படி உங்களுக்கு மிச்சம் 8 மாதம். அமைச்சுக்கு முறைப்பாடு எழுதினால் அந்தக் கடிகாரம் நிற்காது. ஒப்பந்தத்தையும் விடுவிப்புப் பத்திரத்தையும் இந்த வாரமே ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.