பாறையிடம் வயது கேட்பதற்கு முன்

அன்புள்ள ஐயா,

நிலவியலில் முதுகலை முடிக்கப் போகிறேன். பூமியின் மிகப் பழைய பாறைகளை ஆராய ஆசை. ஆனால் என் பேராசிரியர், “இனி எல்லாம் ஆய்வகத்தில்தான். சுத்தியலோடு மலையேறும் காலம் போய்விட்டது” என்கிறார். புவித்தட்டுக் கொள்கைதான் எப்போதோ முடிவாகிவிட்டதே, இனிக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நம்பி இறங்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

நண்பர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். பூமியின் மேற்பரப்பான பெரும் பாறைத் தட்டுகள் நகர்கின்றன என்பது 1960களிலேயே நிலைபெற்றுவிட்டது. எப்போது நகரத் தொடங்கின என்பதில்தான் சண்டை. 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே என்பவர்கள் உண்டு. கடந்த 100 கோடி ஆண்டுகளுக்குள்தான் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. பூமியின் வயதே சுமார் 454 கோடி. அடிப்படைக் கேள்வியிலேயே இத்தனை இழுபறி இருக்கும் துறையில் வேலைக்குப் பஞ்சமில்லை. சம்பளம் தரும் பதவிகளுக்குத்தான் பஞ்சம்.

உங்கள் பேராசிரியர் சொல்வது பாதி சரி. சிர்கான் என்ற கனிமத்தின் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும்; ஈயத்தை ஏறக்குறைய முழுதாக ஒதுக்கிவிடும். ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஈயமெல்லாம் யுரேனியம் சிதைந்து வந்தது என்று கொண்டு வயதைக் கணக்குப் போடலாம். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஒரு சிர்கான் மணி சுமார் 440 கோடி ஆண்டுப் பழையது என்று இப்படித்தான் தெரிந்தது. ஆனால் அந்த மணி பதிந்திருந்த பாறை சுமார் 300 கோடி ஆண்டுக்கு முன் படிந்தது. இடிந்த கோட்டையின் செங்கல்லை எடுத்துக் கட்டிய வீட்டுக்குக் கோட்டையின் வயதைச் சொல்ல முடியுமா? கருவி தருவது மணியின் வயதை. அது எந்தப் பாறையிலிருந்து, எந்த நிலையில் வந்தது என்பதை நடந்து பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

விக் மெக்கிரெகர் என்ற நியூசிலாந்துக்காரரை நினைத்துக்கொள்கிறேன். 1960களின் பிற்பகுதியில் கிரீன்லாந்தின் நூக் பகுதியை அவர் வரைபடமாக்கினார். எங்கு திரும்பினாலும் ஒரே சாம்பல் நிற நைஸ், அதாவது வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி வரிவரியான பாறை. ஆனால் சில நைஸ்களைக் கருநிற டைக்குகள், அதாவது வெடிப்புகளில் புகுந்து உறைந்த பாறைக்குழம்புச் சுவர்கள், ஊடுருவியிருந்தன. அடுத்திருந்த நைஸ்களில் டைக்குகள் இல்லை. அப்படியானால் டைக்குகள் இல்லாத நைஸ்கள் டைக்குகளுக்குப் பின் வந்தவை, டைக்குகள் ஊடுருவியவை முன் வந்தவை. பார்வைக்கு ஒன்றான பாறையில் இரண்டு காலங்கள் இருந்தன. பலர் நம்பவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்டீபன் மூர்பாத்தின் குழு அவர் அனுப்பிய கற்களை அளந்து 1971இல் வெளியிட்டபோது, பழைய நைஸ்களின் வயது 350 கோடியைத் தாண்டியது. எந்தக் கல்லை அனுப்புவது என்று மெக்கிரெகருக்குத் தெரிந்திருந்தது. அங்கேதான் பாதி வேலை முடிந்துவிட்டது என்பேன்.

மலையேற்றமே வாழ்க்கை என்றும் எண்ணிவிடாதீர்கள். சில வாரக் களப்பணிக்குப் பின்னால் மாதக்கணக்கில் கல்லை நொறுக்குவது, கனமான திரவத்தில் பிரிப்பது, நுண்ணோக்கியின் கீழ் சிர்கான் மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது என்று போகும். முனைவர் பட்டத்துக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் ஊர் ஊராக மாறவும் நேரிடும். இதே படிப்புக்குச் சுரங்க நிறுவனங்கள் நல்ல சம்பளம் தருகின்றன. அங்கே போவதில் ஒரு குறைவும் இல்லை.

இறங்குவதென்றால் ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை ஆராயும் ஐசோடோப்பு வேதியியலைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். அளந்த மாதிரிகளைத் தாங்களே களத்தில் எடுத்தார்களா, பெட்டியில் வந்ததை வாங்கி அளந்தார்களா என்று கேளுங்கள். பெட்டியில் வந்தது என்றால் வேறு இடம் பாருங்கள்.